ஒரு பானைக்குள் ஒரு மாதம்

கேரளத்தின் மட்டாஞ்சேரி அரண்மனைப் பள்ளியறைச் சுவர்களில் இராமாயணம் ஓவியமாக நிற்கிறது, தசரதனின் வேள்வியில் தொடங்கி அயோத்தி திரும்புவது வரை. அரசர் படுத்துறங்கிய அறை அது. ஒரு குடும்பம் உடைந்து சேர்ந்த கதைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இருக்க முடியாது என்றே தோன்றுகிறது. ஜூலை நடுவில் கர்க்கடகம் பிறந்ததும் கேரளத்து இந்து வீடுகள் பலவற்றில் அந்தி விளக்கேற்றி, மலையாளக் கவி எழுத்தச்சனின் கிளிப்பாட்டாக அதே கதையை வாசிக்கத் தொடங்குகிறார்கள். தினம் கொஞ்சமாக வாசித்து மாதக் கடைசியில் முடிப்பார்கள். நமக்கு அது ஆடி. மலையாளிக்குக் கொல்லம் ஆண்டின் கடைசி மாதம். கல்யாணம் கிடையாது, புதுமனை புகுவது கிடையாது. மழையும் விடுவதில்லை. ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கும் 52 நாள் தடையால் ஜூலை முடியும் வரை இழுவலைப் படகுகளும் கரையில்தான் கிடக்கும். வெளிக்காரியங்கள் இப்படி ஓய்ந்துபோகிற மாதத்தில் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது யோசிக்கத் தகுந்தது. விட்டுக்கொடுப்பது, காத்திருப்பது, அடுத்தவர் சோர்வைக் கவனிப்பது போன்ற சின்னப் பாடங்களை எந்தக் குடும்பத்துக்கும் அறிவுரையால் புகட்ட முடிவதில்லை. வீட்டிலுள்ள எல்லாரும் ஒரே ஒழுங்குக்குள், முடியும் நாள் தெரிந்த ஒரு மாதம் இருந்து பார்த்தால் அவை பிடிபடும் என்பது என் கட்சி.

கஞ்சியையே எடுத்துக்கொள்வோம். கர்க்கடகக் கஞ்சிக்கு ஞவரை அரிசி, வெந்தயம், சீரகம், கடைசியாகத் தேங்காய்ப்பால். சில வீடுகளில் ஏழு நாள், சில வீடுகளில் மாதம் முழுக்கக் குடிப்பார்கள். வெந்தயத்தை முந்தின இரவே ஊறப்போட வேண்டும். மறந்தால் காலையில் அது அரிசியோடு சேர்ந்து வேகாது. தீயைக் கூட்டினால் அடிபிடிக்கும். பாலை முன்னாலேயே ஊற்றிக் கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். இதில் ஆளுக்கொரு ருசிக்கு இடமில்லை. தாத்தாவுக்குப் பத்தியம், பேரனுக்கு நூடுல்ஸ், மகளுக்குச் சப்பாத்தி என்று நாலு விதமாகக் கேட்கிற வீடு அந்த நாட்களில் ஒரு பானைக்குள் வந்து சேர்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிவாசல்களில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியிலும் இதே வெந்தயம், இதே தேங்காய்ப்பால். மட்டாஞ்சேரியின் கச்சி மேமன்களுக்கும், காயல்பட்டினத்தைப் பூர்வீகமாகச் சொல்லும் நைனா குடும்பங்களுக்கும் ரமலான் அப்படியொரு மாதம். நோன்பு திறக்கும் மக்ரிப் பாங்குக்கு முந்தின ஐந்து நிமிடத்தை நினைத்துப் பாருங்கள். எதிரே பேரீச்சம்பழம் இருக்கிறது, எல்லாருக்கும் பசி, ஒருவரும் தொடுவதில்லை. மூன்று மணிக்கே ஒருவருக்குக் கோபம் மூக்குக்கு வந்திருக்கும்; எதிரில் இருப்பவருக்கும் அதே பசி என்று தெரிவதால் குரல் தானாகத் தணியும். பொறுமையைப் பற்றி ஆயிரம் சொன்னாலும் இந்த ஐந்து நிமிடத்துக்கு ஈடாகாது.

கர்க்கடகக் கஞ்சியை வறுமைக்குப் பூசிய பொன்முலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அதில் பாதி உண்மை. மலையாளிகளே அந்த மாதத்தைப் பஞ்சக் கர்க்கடகம் என்றுதான் சொன்னார்கள்; மழையில் வேலை இல்லாதவர் வேலியோரக் கீரையைக் கிள்ளிக் கறி வைத்ததற்குப் பின்னால் பசி இருந்தது. ஆனால் அந்தப் பசி போன பிறகும் கஞ்சி போகவில்லை. கட்டாயம் தீர்ந்த பிறகும் மனிதர்கள் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தால் அதில் அவர்களுக்கு வேறேதோ கிடைக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். கடையில் இப்போது கர்க்கடகக் கஞ்சிக் கூட்டு பாக்கெட்டாகவே கிடைக்கிறது. மருந்துச் சரக்கை வாங்கலாம், தப்பில்லை. ஒரு பானையின் முன் எல்லாரும் உட்காரும் நேரத்தைப் பாக்கெட்டில் கட்டித்தர முடியாது.

ஒரு மாதம் எதற்குக் காணும் என்ற கேள்வி இதைவிட வலுவானது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் ஃபிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரை வைத்துச் செய்து 2010இல் இதழில் அச்சான ஆய்வின்படி, புதிய செயல் ஒன்று பழக்கமாகப் படிய நடுத்தரமாக 66 நாள் ஆகிறது. ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை. அந்தக் கணக்கில் கர்க்கடகமும் ரமலானும் பாதி வழியிலேயே முடிந்துவிடுகின்றன. ஆனால் பல் தேய்ப்பதுபோல யோசிக்காமல் செய்யும் பழக்கமாக்குவது இந்த மாதங்களின் வேலை இல்லை. அவை போகும், திரும்ப வரும். ரமலான் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னால் நகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டில் ஒரு சுற்றை முடிக்கிறது. பத்து வயதில் மழைக்காலத்தில் முதல் நோன்பு பிடித்த பிள்ளை, நாற்பத்து மூன்றில் அதே மழையில் தன் பிள்ளைக்கு முதல் நோன்பு பிடிக்கச் சொல்லித்தருவான். முதல் தடவை பிடிபடாதது அதற்குள் பலமுறை வந்து கதவைத் தட்டியிருக்கும்.

பெண்கள் பக்கத்திலிருந்து வரும் ஆட்சேபம்தான் என்னை உண்மையில் நிறுத்திவிடுகிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். அந்த வேலையில் கைவைக்கும் ஆண்கள் 97 நிமிடம். கைவைக்கும் ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். மாதம் முழுக்க விரதம் என்றால் இந்த 299 ஏறத்தான் செய்யும். ரமலானில் விடியலுக்கு முந்தின ஸஹர் உணவுக்கு எல்லாரும் எழுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஒருத்தி எழுந்திருக்க வேண்டும். ஜியோ பேபியின் ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ படம் 2021இல் வந்து அவ்வளவு சங்கடப்படுத்தியதற்குக் காரணம், வீட்டு ஆண்களின் சபரிமலை விரதம் யார் உழைப்பின்மேல் நிற்கிறது என்று அது காட்டியதுதான். இதற்குச் சமாதானம் சொல்ல எனக்கு மனமில்லை. ஒழுங்கு எல்லாருக்கும் பொது, அடுப்பு மட்டும் ஒருத்திக்கு என்றால் அந்த வீடு எதையும் கற்கவில்லை. அவள் முன்பே அறிந்திருந்ததை இன்னும் முப்பது நாள் செய்திருக்கிறாள்.

ஆகவே என் கட்சிக்கு ஒரு நிபந்தனை சேர்க்கிறேன்: கரண்டியும் கை மாற வேண்டும். வெந்தயத்திலிருந்து தொடங்கலாம். அதை ஊறப்போடக் கைப்பக்குவம் வேண்டாம், வலு வேண்டாம், ஒரு கிண்ணமும் கொஞ்சம் தண்ணீரும் போதும். படுக்கப் போகுமுன் அது ஞாபகத்துக்கு வர வேண்டும், அதுதான் அதிலுள்ள வேலை. பெரும்பாலான வீடுகளில் அந்த ஞாபகம் ஒரே தலையில் இருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் விளக்கை அணைக்குமுன் அடுக்களைக்குப் போய், கிண்ணத்தை விரலால் தொட்டுத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படுக்கட்டும். மறுநாள் காலையில் கசக்கிறது என்று அவன் கஞ்சியைத் தள்ளிவைக்க மாட்டான்.