போகும் உரிமை, இருக்கும் உரிமை

கூடலூரிலிருந்து வரும் சாலை நாடுகாணியில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மலையிறங்கி வழிக்கடவு, நிலம்பூர் என்று கேரளத்துக்குள் போகிறது. இன்னொன்று தேவாலா, பந்தலூர் பக்கம் தேயிலைக்கு நடுவே வளைந்து போகிறது. 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமானதால், விடுமுறை நாட்களில் சோதனைச்சாவடியில் வரிசை நீள்கிறது. அந்த வரிசையில் எப்போதாவது ஒரு கேரவனும் நிற்கும். உள்ளே கட்டில், அடுப்பு, சின்னக் கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி. சக்கரம் வைத்த வீடு. கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனித் திட்டம் தொடங்கியது. நம் பக்கத்திலும் இந்த ஆசை மெல்லப் பரவுகிறது.

இந்த ஆசையின் முழு வடிவத்தை அமெரிக்காவில் பார்க்கலாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும் வீட்டை விற்றுவிட்டு ஒரு கேரவன் வாங்குகிறார்கள். பருவத்துக்கு ஏற்ப ஊர் ஊராகப் போகிறார்கள். போகிற இடத்தில் உள்ள முகாம் மைதானத்திலேயே வேலை பார்க்கிறார்கள். வருகிறவர்களின் பெயரைப் பதிவது, கட்டணம் வாங்குவது, குப்பை அள்ளுவது, கழிப்பறை கழுவுவது என்று பல வேலைகள். பதிலுக்கு வண்டி நிறுத்த இடமும் மின்சாரமும் தண்ணீரும் கிடைக்கும். சில இடங்களில் கொஞ்சம் கூலியும் உண்டு. தம்பதியாக வருகிறவர்களையே பல முகாம்கள் விரும்புகின்றன. ஓர் இடத்துக்கு இரண்டு ஜோடிக் கைகள் கிடைக்கின்றன அல்லவா?

வீட்டுக்குள் பூட்டி வைக்கப்பட்டதைப் பற்றியே இவ்வளவு காலம் பேசிவந்த பெண்களுக்கு இந்தப் படம் கவர்ச்சியானது. பெருக்க நான்கு அறை இல்லை, விருந்தாளிகள் இல்லை, மாமியார் வீடு, அம்மா வீடு என்ற கணக்கும் இல்லை. அறுபது வயதில் ஒரு பெண் ஊர் சுற்றுகிறாள் என்பதே பெரிய விஷயம். அந்தக் கவர்ச்சியை நான் மறுக்கவில்லை. ஆனால் ஊர் சுற்றுவதை விடுதலை என்று எழுதும் முன் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். அந்த வண்டியில் ஓய்வு யாருக்கு? திரும்பி வரவேண்டும் என்று அவள் நினைத்தால், எங்கே வருவாள்?

முதல் கேள்விக்குப் பதில் தேடி வெகுதூரம் போக வேண்டாம். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடுகிறவர்களில் பெண் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறாள்; ஆண் 97 நிமிடம். வீட்டின் பரப்பளவு குறைந்தால் இந்தக் கணக்கு தானாக மாறிவிடாது. குறுகிய இடத்தில் சமைப்பது எளிதல்ல, கடினம். ஒவ்வொரு ஊரிலும் கடை, தண்ணீர், மருந்து எல்லாவற்றையும் புதிதாகத் தேட வேண்டும். ஆண் வண்டி ஓட்டுகிறான். அது கண்ணுக்குத் தெரியும் வேலை, கூடவே பெருமையும் கொடுக்கும். உள்ளே நடக்கிற மற்ற எல்லாவற்றுக்கும் பெயர் ‘பயணம்’. அதற்கு மேல் முகாமின் கழிப்பறைகளும் இருக்கின்றன. அலுவலகத்திலிருந்து அவளுக்கு ஓய்வு கிடைத்திருக்கலாம். அடுப்பிலிருந்து ஓய்வு தரும் உத்தரவு மட்டும் எந்த வயதிலும் யார் கையெழுத்திலும் வருவதில்லை.

இரண்டாவது கேள்வி இன்னும் கடினமானது. ஜெசிகா புரூடர் 2017இல் வெளியிட்ட ‘நோமேட்லேண்ட்’ நூல், வண்டிகளில் வாழ்ந்துகொண்டே பருவகால வேலைகளுக்கு அலையும் வயதான அமெரிக்கர்களைப் பற்றியது. முகாம் காப்பாளர் வேலை, சர்க்கரை பீட் அறுவடை, அமேசான் கிடங்குகள் என்று அவர்கள் போகாத இடமில்லை. அவர்களில் பலர் பெண்கள். இதைத் தழுவி க்ளோயி ஜாவ் இயக்கிய படம் 2021இல் சிறந்த படத்துக்கும் சிறந்த இயக்கத்துக்கும் ஆஸ்கர் வாங்கியது. படம் பார்த்தவர்களுக்குப் பாலைவனத்து மாலை வெளிச்சம் மனத்தில் நிற்கும். நூலில் நிற்பது கணக்கு. வாழ்நாளெல்லாம் குறைந்த சம்பளத்தில் வேலை, பிள்ளைகளுக்காகவும் நோயாளிகளுக்காகவும் இடையில் விட்ட வருடங்கள், அதனால் குறைந்த ஓய்வூதியம், 2008 நெருக்கடியில் கரைந்த சேமிப்பு. இவர்கள் சாலையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்லலாம். ஆனால் வாடகை கட்ட முடியாத நிலையில் எஞ்சியிருந்தது சாலை மட்டும்தான். வேறு வழியே இல்லாத இடத்தில் ‘தேர்வு’ என்ற சொல் எவ்வளவு பாரம் தாங்கும்?

இங்கிருந்து நாடுகாணிக்குத் திரும்புவோம். வேலை செய்தால் கூரை உண்டு, வேலை முடிந்தால் கூரை இல்லை என்ற ஏற்பாடு இந்த மலைக்குப் புதிதல்ல. தேயிலைத் தோட்டமே அந்த ஏற்பாட்டின் மேல்தான் நிற்கிறது.

1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்றும் பிரித்தது. மீதமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பங்கிட்டார்கள். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை தர, 1968இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுவே 1976இல் டேன்டீ என்ற கழகமானது. பாண்டியாறு, நாடுகாணி, சேரம்பாடி, கொளப்பள்ளி என்று காட்டை வெட்டித் தேயிலை நட்டார்கள். பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் வாழ்ந்த மண் அது. அவர்கள் இழந்ததை எழுத இன்னொரு கட்டுரை வேண்டும்.

முகாம் என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒருத்திக்கு அது விடுமுறையில் கூடாரம் போடும் இடம். இன்னொருத்திக்கு, தான் எந்த நாட்டவள் என்று அதிகாரிகள் சொல்லும்வரை காத்திருந்த இடம். இருவரும் நகர்ந்தவர்கள்தான். ஒருத்தி நகர்ந்தாள், மற்றவள் நகர்த்தப்பட்டாள்.

அப்படி வந்த பெண்களுக்குக் கிடைத்தது லைன் வீடு. இலங்கை வழக்கில் இன்னும் ‘லயம்’ என்பவர்களும் உண்டு. வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். 1951ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் வசிக்கும் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் குடியிருப்பு தருவது நிர்வாகத்தின் கடமை என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் அந்தச் சட்டத்தின் வீடு வேலையோடு கட்டப்பட்டது. விடியும் முன் எழுந்து சமைத்து, மஸ்டருக்குப் போய், மழையில் அட்டைக்கடியோடு கொழுந்து பறித்து, எடை போட்டு, திரும்பி வந்து மறுபடி சமைத்து முப்பது நாற்பது வருடம் கழித்தவளுக்கு, ஓய்வு என்பது வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நாள். வீட்டை ஒப்படைத்தால்தான் பணிக்கொடை கைக்கு வரும் என்று நிறுத்திவைப்பதாகத் தோட்டப் பகுதிகளில் நெடுங்காலமாகப் புகார் உண்டு. 2014இல் நிர்ணயித்த வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய். அதில் கூடலூரில் எந்த வாடகை வீடு கிடைக்கும்?

சொந்தமாக நிலம் வாங்கலாம் என்றால், அதற்கும் முட்டுக்கட்டை. கூடலூர் ஜன்ம நிலங்களை ஒழித்து ரயத்துவாரியாக்கும் சட்டம் 1969இல் வந்தது. பட்டா பிரச்சினை இன்றுவரை முழுதாகத் தீரவில்லை. 2022இல் டேன்டீயின் 2,152 ஹெக்டேர் நிலத்தை வனத்துறைக்குத் திருப்பித் தர அரசு ஆணையிட்டபோது, தோட்டக் குடியிருப்புகளில் மறுபடி அதே பயம். நாடு காணும் இடம் என்பதால் நாடுகாணி என்று பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். காணி என்றால் நிலம் என்றும் தமிழில் பொருள் உண்டு. இந்தப் பெண்கள் இரண்டு நாட்டைக் கண்டார்கள். காணி மட்டும் எங்கும் கிடைக்கவில்லை.

லைனை விட்டுப் போகாமலிருக்க ஒரு வழி இருக்கிறது. குடும்பத்தில் ஒருவர் தோட்ட வேலையில் இருந்தால் வீடு நிற்கும். மகன் திருப்பூருக்கோ கோவைக்கோ போய்விட்டால், மகளோ மருமகளோ கூடையை மாட்டிக்கொள்ள வேண்டும். படிக்க ஆசைப்பட்ட பெண்ணிடம், “நீ பேர் பதிஞ்சாத்தான் ஆத்தா வீட்டுல இருக்க முடியும்” என்று சொன்னால் அவள் என்ன பதில் சொல்வாள்? தாயின் ஓய்வுக்கான விலையை மகளின் முதுகு கொடுக்கிறது. இதைத் தியாகம் என்று புகழ்ந்து நாம் பழகிவிட்டோம். தோட்டமும் அரசும் தர வேண்டிய முதுமைப் பாதுகாப்பை ஒரு பெண்ணிடமிருந்து எடுத்து இன்னொரு பெண்ணுக்குக் கொடுக்கும் ஏற்பாடு என்பதே அதற்குச் சரியான பெயர்.

இப்போது இரண்டு வீடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முகாமில் கேரவன் நிறுத்தும் இடமும் லைன் வீடும் ஒரே விதியில் ஓடுகின்றன. உழைப்பு இருக்கும்வரை இடம் உண்டு. உடம்பு நின்றால் இடமும் நின்றுவிடும். வேறுபாடு சக்கரத்தில் இல்லை. முகாமுக்கு வந்த தம்பதிக்கு வங்கியில் பணமோ, பிள்ளை வீடோ, விற்காமல் வைத்த ஒரு சிறு வீடோ இருந்தால், அங்கே கழிப்பறை கழுவுவதுகூட அவர்களுக்கு ஓர் அனுபவம். எதுவும் இல்லையென்றால் அதே வேலை, அதே வாளி, லைன் வீட்டுக்காரியின் நிலைதான். ஆகவே போகும் உரிமை தனியாக நிற்பதில்லை. இருக்கும் உரிமை உள்ளவளுக்கே போவது சுதந்திரம். மற்றவளுக்கு அது வெளியேற்றம், அல்லது அதை எதிர்பார்த்துக் காத்திருப்பது.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். வீடு, நிலம், பட்டா என்று பேசிப் பேசி, பெண்ணை மறுபடி நான்கு சுவருக்குள்ளேயே வைக்கிறோமா? சொத்தே வேண்டாம் என்று கிளம்புவதும் ஒரு விடுதலை இல்லையா? இருக்கலாம். துறக்கும் சுதந்திரமும் வேண்டும். ஆனால் துறக்க முதலில் கையில் ஏதாவது இருக்க வேண்டும். வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் எழுதிய நூலில் பெண்ணுக்குத் தனி அறை வேண்டும் என்றது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. கூடவே ஆண்டுக்கு ஐந்நூறு பவுண்டு வருமானமும் வேண்டும் என்று அவர் சொன்னதைத்தான் அடிக்கடி மறந்துவிடுகிறோம். பணமில்லாத அறைக்குள் அடைபட்டுக் கிடக்கலாம். அறையில்லாத பணம் வாடகைக்குப் போய்விடும்.

தோட்டத்துப் பெண்ணுக்குப் பயணத்தில் ஆசையில்லை என்று நினைப்பதும் தவறு. அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021இல் வந்தபோது மலைப்பகுதி விடுபட்டிருந்தது. 2024இல்தான் நீலகிரிக்கும் வந்தது. டிக்கெட்டுக்குக் காசு கேட்டு யாரிடமும் நிற்காமல் கூடலூருக்கோ பந்தலூருக்கோ போய்வர முடிவதை அற்பமாக எண்ண வேண்டாம். கொச்சியில் ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்ற சிறு கடை நடத்திய விஜயன்–மோகனா தம்பதியைப் பலர் செய்தியில் பார்த்திருப்பீர்கள். விஜயன் 2021 நவம்பரில் காலமாகும்வரை இருவரும் சேர்ந்து இருபத்தைந்துக்கும் மேற்பட்ட நாடுகளைப் பார்த்தார்கள். தேநீர் விற்றுச் சேர்த்தார்கள், கடன் வாங்கிப் போனார்கள், திரும்பி வந்து அதே கடையில் உழைத்து அடைத்தார்கள். சாலையில் வேலை தேடி அலைவதும், வேலை செய்து சாலைக்குப் போவதும் வேறு வேறு. அவர்களுக்குத் திரும்பி வர ஒரு கடை இருந்தது.

எனவே ஓய்வுக்காலத்தைப் பற்றி எந்த அழகான கதை கேட்டாலும், அது கேரவனாக இருந்தாலும், காசி யாத்திரையாக இருந்தாலும், மகன் வீட்டு அடுக்ககமாக இருந்தாலும், சில சாதாரண விவரங்களைக் கேட்டுப் பழகுவோம். வண்டியோ வீடோ யார் பெயரில்? ஓய்வூதியம் யார் கணக்கில் விழுகிறது? காலையில் முதலில் எழுவது யார்? வேண்டாம் என்று அவள் சொன்னால் என்ன ஆகும்? கணவர் முதலில் போய்விட்டால் அவள் எங்கே இருப்பாள்?

தோட்டப் பகுதியில் இந்தக் கேள்விகள் கோரிக்கைகளாகவே மாற வேண்டும். பணிக்கொடையை வீட்டுச் சாவியோடு பேரம் பேசக் கூடாது. ஓய்வு பெற்றவர்களுக்குக் கட்டும் வீடுகள், உழைத்த பெண்ணின் பெயரிலோ இருவர் பெயரிலுமோ பதிவாக வேண்டும். பிரதமரின் வீட்டுத் திட்டத்திலேயே அந்த விதி உண்டு. புதிதாகக் கண்டுபிடிக்க எதுவும் இல்லை. மகள் கூடை சுமப்பது தாயின் கூரைக்கு நிபந்தனையாக இருக்கக் கூடாது. இவையெல்லாம் கிடைத்த பிறகு, அறுபது வயதில் ஒருத்தி சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, “வர பத்து நாள் ஆகும்” என்று சொல்லிக் கிளம்பட்டும். பேருந்தோ கேரவனோ, அது அவள் விருப்பம்.