1800க்கு முன் வந்தவை

மாரிடாலன் என்ற பெயரைக் கேட்டால் எனக்கு மழைதான் ஞாபகம் வரும். உண்மையில் அது புனித மார்கரெத்தாவின் தேவாலயத்திலிருந்து வந்த பெயர். இடிந்த சுவர்கள் இன்னும் நிற்கின்றன. ஒஸ்லோ குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு அங்குள்ள ஏரியிலிருந்து வருகிறது.

சென்ற மே மாதம் அந்தப் பள்ளத்தாக்கின் வயலோரம் ஒன்றில் 'டுக்னாட்' வேலைக்குப் போனேன். கூலியில்லாமல் கூடிச் செய்யும் வேலை; முடிவில் கோப்பியும் வாஃபிளும் உண்டு. கிழமை முழுவதும் திரையைப் பார்க்கிறவனுக்கு மண்வெட்டி பிடிப்பதே ஒரு விடுமுறை. முள்ளெலியும் சிறு பறவைகளும் 'ஹும்லே' என்கிற குண்டு வண்டுகளும் தங்குவதற்கு உள்ளூர் மரங்களால் வேலி நட வேண்டும். ஹாக்தோர்ன், ரூன், செல்யே.

நடுமுன் பிடுங்க வேண்டியிருந்தது. யாரோ எப்போதோ அழகுக்கு வைத்த 'ரின்கெரூசெ', கிழக்காசிய ரோஜா. "இது ஃபிரெம்மெட்," என்றார் பொறுப்பாக நின்ற பெண். அந்நியம். அந்தச் சொல்லை நான் செடிகளைப் பற்றிய பேச்சில் மட்டும் கேட்டவனல்ல.

வீட்டுக்கு வந்து வாசித்தேன். 2007இல் வந்த முதல் பட்டியலுக்குக் 'கறுப்புப் பட்டியல்' என்று பெயர். 2018இல் 'அந்நிய இனப் பட்டியல்' ஆனது. 1800ஆம் ஆண்டுக்கு முன் இங்கு நிலைகொண்டவை இந்த மண்ணுக்குரியவை. பின்னால் வந்தவை அந்நியம். ஒரு ஆண்டுக் கணக்கில் பூர்வீகம் முடிந்துவிடுகிறது. எனக்குச் சுருக்கென்றது.

ஆனால் அது வசதியான கோபம். உவமை என்னுடையது, செடி அதைக் கேட்கவில்லை. வந்ததையெல்லாம் பிடுங்கு என்று அந்தப் பட்டியல் சொல்லவில்லை. எது எவ்வளவு பரவுகிறது, எதை நெரிக்கிறது என்று பார்த்துத்தான் தரம் பிரிக்கிறது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த உருளைக்கிழங்கு இல்லாமல் இங்கே ஒரு ஞாயிறு மதியச் சாப்பாடு உண்டா? செடிக்குச் சொன்ன சொல் மனிதரிடம் வரும்போது இந்த அளவுகோல் கூட வருவதில்லை, சொல் மட்டும் வருகிறது. பயம் அங்கேதான்.

கோடையில் அந்த ரோஜாவிலும் வண்டுகள் மொய்ப்பதைக் கண்டிருக்கிறேன். ஆனால் ராணி வண்டு குளிர்காலம் முடிந்து பசியோடு எழும்புவது ஏப்ரலில். அப்போது பூத்திருப்பது செல்யே. என் மனம் நொந்தது என்று நான் மண்வெட்டியைக் கீழே வைத்தால் விலை கொடுப்பது அந்த ராணி.

எங்கள் ஊர் வேலியில் கிளுவையும் சீமைக்கிளுவையும் கலந்து நிற்கும். சீமைக்கிளுவை மத்திய அமெரிக்காச் செடி. பெயரிலேயே சீமை இருந்தும் எந்த ஆண்டு வந்தாய் என்று ஒருவரும் அதைக் கேட்டதில்லை. குழை ஆட்டுக்கும் ஆச்சு, தோட்டத்துக்குப் பசளையும் ஆச்சு. இதை ஒரு பெருமையாகச் சொல்லத்தான் நினைத்தேன், வாய் வரவில்லை. அப்பு கதியால் மாற்றும்போதெல்லாம் எல்லையை ஒரு சாண் அங்கால் தள்ளுவார். செடியின் பூர்வீகம் கேளாத நாங்கள், வேலிப் பொட்டுக்குள்ளால் யார் வரலாம், யார் படலையோடு நிற்க வேண்டும் என்பதில் மிகவும் கவனமாக இருந்தோம். அதற்குப் பட்டியல்கூடத் தேவைப்படவில்லை.

அன்று மத்தியானம் ஒரு செல்யே தடியை வெட்டி, கதியால் போடுகிற மாதிரி சாய்வாக ஊன்றினேன். பக்கத்தில் நின்ற முதியவர் சிரித்தார். இதன் இனத்தில் மற்றவை முளைக்கும், செல்யே இப்படி இலேசில் வேர்விடாது என்றார். இருக்கட்டும் என்றேன்.

இந்த ஏப்ரலில் பனி கரைந்ததும் போய்ப் பார்த்தேன். தடி காய்ந்திருந்தது. ஹாக்தோர்ன் கன்றுகளில் மொட்டுப் பருத்திருந்தது. நாங்கள் தவறவிட்ட வேர்த்துண்டு ஒன்றிலிருந்து, அவற்றின் நடுவே, ரோஜா தளிர்த்திருந்தது. கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு காருக்குப் போய் மண்வெட்டியை எடுத்து வந்தேன்.