வண்டி லேசாச்சு, மனசு?



அமெரிக்காவுல ஓய்வு பெற்ற சிலர் பெரிய வீட்டை வித்துட்டு, கார் பின்னால இழுத்துட்டுப் போற சின்ன டிரெய்லர் வீட்டுக்குக் குடி மாறிடறாங்க. ஸ்கேம்ப்னு ஒரு வண்டி, 13 அடி நீளம்தான். அதுக்குள்ளேயே படுக்கை, அடுப்பு, தண்ணித் தொட்டி. கார் இழுக்கிற எடைக்கு வரம்பு உண்டு. 40 லிட்டர் தண்ணி ஊத்தினா 40 கிலோ கூடிடும். அதனால ஒவ்வொரு சாமானையும் 'நீ தேவையா?'ன்னு கேட்டுத்தான் ஏத்தணும்.

இது துறவு ஆகுமா?

வசதி இல்லாம வீட்டை இழந்து வண்டிக்கு வந்தவங்களும் உண்டு. அதைத் துறவுன்னு புகழக் கூடாது. வேற சிலர், மிச்ச சாமானை வாடகைக் கிடங்குல பூட்டிட்டுக் கிளம்புறாங்க. வண்டி ஊர் சுத்துது, மனசு கிடங்குக்குக் காவல் நிக்குது. இன்னும் சிலர் வேண்டியவங்களுக்குத் தன் கையாலேயே கொடுத்துட்டுப் போறாங்க. வண்டி எடை ஒண்ணுதான், மனச்சுமை வேற.

நம்ம பழனியாண்டவரைப் பாருங்க. காலையில ஆண்டிக் கோலம், சாயங்காலம் ராஜ அலங்காரம். கிரீடம் வச்சாலும் எடுத்தாலும் அவன் அவனேதான். வச்சிருக்கிறது தப்பில்லை; எடுக்கும்போது வலிக்குதாங்கிறதுதான் கேள்வி.

இன்னைக்கு நம்ம வீட்டுப் பரணை ஒரு தடவை பார்ப்போம். நாம போன பிறகு பிள்ளைங்க அள்ளிக் கொட்டினா அது குப்பை. இப்பவே நம்ம கையால கொடுத்தா அது தானம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🦚