பல நிற நூல், ஒரு துணி

பல நிற நூல்களால் நெய்த துணியின் நிறம் எது என்ற கேள்வியை இந்தியத் தருக்க நூலார் பல நூற்றாண்டுகள் விடாது விவாதித்தனர். நியாய வைசேடிக நெறியினர் நூல்களை உறுப்பு, அதாவது அவயவம் என்றும், அவற்றால் ஆன துணியை அவ்வுறுப்புகளினும் வேறான முழுப்பொருள், அதாவது அவயவி என்றும் கொண்டனர். நிறம் என்னும் குணம் தான் தங்கும் பொருள் முழுவதையும் நிறைத்து நிற்கும் என்பது அவர்களுடைய மற்றொரு கொள்கை. இவ்விரண்டையும் ஒருசேர ஏற்பவருக்குச் சிக்கல் எழுகிறது: சிவப்பு நூலும் வெள்ளை நூலும் சேர்ந்த துணி ஒரே பொருளாயின் அதைச் சிவப்பும் முழுதாக நிறைக்கவில்லை, வெள்ளையும் நிறைக்கவில்லை, நிறமே இல்லை என்று சொல்லிவிட்டாலோ அந்தத் துணி கண்ணுக்கே தெரியக் கூடாது. இதிலிருந்து தப்ப அவர்கள் கண்ட வழி, ‘சித்திரம்’ என்று ஒரு தனி நிறத்தை ஏற்பது. 17-ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் இயற்றிய தருக்க சங்கிரகம் வெள்ளை, நீலம், மஞ்சள், சிவப்பு, பச்சை, கபிலம் ஆகிய ஆறோடு சித்திரத்தையும் கூட்டி நிறங்களை ஏழாக எண்ணுவது இதனால்தான். அந்நூலைச் சிவஞான முனிவர் தமிழாக்கியதால் இவ்விவாதம் வடமொழி அறியாத தமிழ் மாணாக்கருக்கும் எட்டியது. அன்னம்பட்டருக்கு முன்பே வங்காளத்து ரகுநாத சிரோமணி, நிறம் பொருளின் ஒரு பகுதியில் மட்டும் தங்கும் என்று ஒப்புக்கொண்டால் சித்திரம் என்ற ஏழாவது நிறமே வேண்டியதில்லை என்று வாதிட்டார். கூர்மையான தீர்வுதான், ஆனால் அதற்கு விலையாகப் பழைய கொள்கை ஒன்றைக் கைவிட வேண்டியிருந்தது.

இதே துணி இராமானுசருடைய ஸ்ரீபாஷ்யத்திலும் உவமையாக வருகிறது. வெண்ணூல், கருநூல், செந்நூல் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு துணிக்கு முதற்காரணமாயினும், வெண்மை வெண்ணூல் உள்ள இடத்திலும் செம்மை செந்நூல் உள்ள இடத்திலுமே நிற்கின்றன. துணியான பின்னும் நிறங்கள் ஒன்றோடொன்று கலப்பதில்லை. அவ்வாறே அறிவுடைய உயிர்களும் (சித்து), அறிவற்ற உலகப் பொருளும் (அசித்து), இவற்றை ஆளும் ஈசுவரனும் சேர்ந்த முழுமையே உலகுக்குக் காரணமாயினும், உயிரின் துன்பமோ பொருளின் மாற்றமோ ஈசுவரனைத் தொடுவதில்லை. இங்கே துணி என்பது நூல்களுக்கு அப்பால் புதிதாகத் தோன்றிய பொருளன்று, நூல்களே அடைந்த ஒரு நிலை. ஆகவே அதற்கென்று தனி நிறம் தேட வேண்டிய கட்டாயம் இராமானுசருக்கு இல்லை.

உவமை வலுவானது என்றாலும் அது சொல்லாமல் விட்ட ஒரு நிபந்தனை உண்டு: சாயம் நிற்க வேண்டும். இதைச் சோதித்துப் பார்க்கச் சென்னையில் பேசின் பிரிட்ஜைச் சுற்றியுள்ள நிலத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. சென்ட்ரலிலிருந்து வரும் தண்டவாளங்கள் மேற்கே வியாசர்பாடிக்கும் வடக்கே கொருக்குப்பேட்டைக்குமாகப் பிரியும் இந்தச் சந்திப்பின் நாற்புறமும் துணியின் வரலாறு கிடக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுத்தவர்கள் குடியிருந்ததால் பெயர் பெற்ற வண்ணாரப்பேட்டை ஒரு பக்கம்; 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராயிருந்த ஜோசப் காலெட்டின் பெயரால் திருவொற்றியூரை ஒட்டி எழுந்த நெசவாளர் குடியிருப்பான காலடிப்பேட்டை மற்றொரு பக்கம்; 1876-இல் தொடங்கிய பக்கிங்காம் மில்லும் 1881-இல் தொடங்கிய கர்நாடிக் மில்லும் இணைந்து, பின்னி மில் என்று ஊரார் வாயில் நின்று, 1996-இல் மூடப்பட்ட ஆலை இன்னொரு பக்கம். அந்த ஆலைக்குப் பெயர் வாங்கித் தந்தது சாயம் போகாத காக்கி. சென்னைச் சுற்றுவட்டத்துக் கைத்தறிகளுக்குப் பெயர் வாங்கித் தந்ததோ அதற்கு நேர் எதிரான சரக்கு: தாவரச் சாயம் தோய்த்த கட்டம் போட்ட துணி, துவைக்கத் துவைக்கச் சிவப்பு மஞ்சளுக்குள்ளும் நீலம் வெள்ளைக்குள்ளும் இறங்கும். 1950-களின் இறுதியில் அமெரிக்காவுக்குப் போன அத்துணியின் சாயம் ஓடியது முதலில் புகாராயிற்று. பிறகு சாயம் ஓடுவது உறுதி என்பதையே சிறப்பாகச் சொல்லி விளம்பரம் செய்து விற்றார்கள். நான்கு சலவை கண்ட அந்தச் சட்டையில் எது செந்நூலின் இடம், எது வெண்ணூலின் இடம் என்று இராமானுசரின் மாணாக்கர் எவராலும் விரல் வைத்துக் காட்ட முடியாது.

கலப்பையே ஒரு நிறமாக ஏற்றவர் ஒருவரும் இதே பகுதியில் வாழ்ந்தார். பேசின் பிரிட்ஜுக்கு அருகேயுள்ள ஏழுகிணற்றில் குடியிருந்து திருவொற்றியூர்க் கோயிலுக்கு நடந்து சென்றுவந்த இராமலிங்க வள்ளலார், 1872-இல் வழிபாடு தொடங்கிய வடலூர் ஞானசபையில் சோதியை மறைக்கும் ஏழு திரைகளை அமைத்தார். கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை ஆகிய ஆறுக்கும் பின் ஏழாவதாக எண்ணப்படுவது கலப்பு நிறத் திரை. தருக்க சங்கிரகத்தின் பட்டியலும் ஆறு நிறங்களுக்குப் பின் சித்திரத்தில் முடிவது கவனிக்கத்தக்கது. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று சொல்ல அவ்வொற்றுமை மட்டும் போதாது. நோக்கம் எப்படியும் வேறு. தருக்க நூலார் நிறத்தைப் பொருளின் குணமாக வகுத்தனர். வள்ளலாருக்கு நிறங்கள் சோதியைக் காணவொட்டாத மறைப்புகள், தைப்பூசத்தன்று ஏழும் விலக்கப்பட வேண்டியவை.

துணியை நெய்பவரிடமிருந்து, அதன் மேல் நிறத்தை இட்டு நிரப்புபவரிடம் வந்தால் கேள்வி இன்னும் நுணுகுகிறது. கொலுப் படியின் பொம்மை வீட்டுக்கோ கிறிஸ்துமஸ் குடிலுக்கோ கிராஸ் ஸ்டிச்சில், அதாவது பெருக்கல் குறி வடிவத் தையலில், போடப்படும் சிறு கம்பளம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் ஆறடிக்கு நாலடிக் கம்பளம் ஆறு அங்குலத்துக்கு நாலு அங்குலமாகச் சுருங்குகிறது. அங்குலத்துக்குப் பதினெட்டுக் கட்டம் உள்ள மேட்டி துணியில் அது 7,776 தையல்கள். ஒரு தையலின் அகலம் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆறு இழை கொண்ட எம்பிராய்டரி நூலிலிருந்து ஓர் இழையையோ இரண்டையோ பிரித்தெடுத்தே இதைத் தைக்க முடியும். பக்கத்தில் பக்கத்தில் வரும் மெரூனும் அடர்நீலமும் கையில் பிடித்துப் பார்க்கும்போது தெளிவாக விலகி நிற்கும். கம்பளத்தைப் படியில் வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்றால் இரண்டும் ஒரே கருமையாகிவிடும். வெளிச்ச வேறுபாட்டைப் பிரித்தறியும் கூர்மை கண்ணுக்கு மிகுதி, நிற வேறுபாட்டைப் பிரித்தறியும் கூர்மை அதனினும் குறைவு என்பதே காரணம். அதனால் தேர்ந்த கை, நிறத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன் அதன் அடர்த்தியையும் வெளிர்மையையும் பார்க்கிறது. கண்டுகளை வரிசையாக அடுக்கிக் கண்ணைச் சற்றே சுருக்கி, எவை ஒன்றாகிவிடுகின்றன என்று கவனிக்கிறது. கடையின் விளக்கொளியை நம்பாமல் வாசலுக்கு எடுத்துச் சென்றும் பார்க்கிறது. சாயம் துளியும் ஓடாத நூலிலும் நிறங்கள் இவ்வாறு கலக்கின்றன என்றால், அக்கலப்பு நடக்கும் இடம் துணியன்று, காண்பவனின் கண். ஆகவே இராமானுசரின் உவமை இங்கே உடைவதில்லை. வெண்மை தன் இடத்திலேயே இருக்கிறது. அதை அங்கே காணும் திறன்தான் தொலைவில் குறைகிறது.

ஆனால் சிறு கம்பளம் எழுப்பும் பெரிய கேள்வி கலப்பைப் பற்றியதன்று, விலக்கைப் பற்றியது. மூலக் கம்பளத்தில் பன்னிரண்டு நிறச்சாயல் இருந்தால், சுருங்கிய கம்பளம் தாங்குவது ஐந்தோ ஆறோதான். மூன்று பழுப்புகளில் ஒன்று மற்ற இரண்டுக்கும் சேர்த்து நிற்கிறது. விலக்கப்பட்ட கண்டுகள் டப்பாவுக்குத் திரும்புகின்றன. அழகின் கணக்கில் இது சரியே. உலகத்தையே ஒரு துணியாகக் கண்டு, அதன் அழகுக்காகச் சில உயிர்கள் நிழலாகவும் சில ஒளியாகவும் வைக்கப்பட்டன என்று ஆறுதல் சொல்லும் சமயப் பேச்சு உலகின் பல மூலைகளிலும் கேட்கிறது. நெய்பவனின் தேர்வை ஒத்துக்கொண்டு அடங்கியிருக்குமாறு அது நிழலில் வைக்கப்பட்டவர்களிடமே கேட்கிறது. துணி உவமையின் உண்மையான ஆபத்து அதில் இருக்கிறது.

இராமானுசர் அந்த ஆபத்துக்குள் கால் வைக்கவில்லை. உவமையைச் சொல்லி முடித்த கையோடு அது பொருந்தாத இடத்தையும் அவரே குறிக்கிறார்: நூல்கள் தனித்தனியே இருக்கக்கூடியவை, ஒரு மனிதனின் விருப்பத்தால் (புருஷேச்சை) ஏதோ ஒரு காலத்தில் ஒன்றுசேர்க்கப்பட்டுத் துணியாகின்றன, உயிரும் பொருளுமோ எந்நிலையிலும் பரமபுருஷனுக்கு உடலாகவே இருப்பதால், அவை அவனிலிருந்து பிரிந்து கிடந்த காலமே கிடையாது. உரையாசிரியர்கள் இவ்வரியைக் காரண காரியக் கொள்கையின் நுட்பமாகக் கொண்டு விளக்குவர், அது தகும். ஆயினும் நிறம் தேர்பவரின் பக்கத்திலிருந்து படித்தால் அதன் கனம் கூடுகிறது. தேர்வு என்பது வெளியே கிடப்பதிலிருந்து எடுப்பது. ஈசுவரனுக்கு வெளியே எதுவும் கிடக்கவில்லையென்றால் அங்கே எடுப்பதும் இல்லை, டப்பாவில் மிஞ்சுவதும் இல்லை. எந்த உயிரும் வேறொன்றின் எடுப்புக்காக விலக்கப்படுவதில்லை. வினைக்கேற்ற வேறுபாடுகளை அவர் மறுக்கவில்லை என்பதும், அவ்வேறுபாடுகளுக்கு அவர் தந்த விளக்கம் இன்றைய வாசகருக்கு முழு நிறைவு தராது என்பதும் உண்மை. ஆனால் அவற்றை ஒரு கைவினைஞனின் ரசனையின் மேல் அவர் ஏற்றவில்லை.

மனிதரின் விருப்பம் நெய்வதற்கு முன்னதாக மட்டுமே செயல்படும் என்றும் கொள்ள வேண்டியதில்லை. நைஜீரியாவின் கலபாரி மக்கள் சென்னைப் பக்கத்திலிருந்து சென்ற கட்டத் துணியை ‘இன்ஜிரி’ என்று அழைப்பர். அவர்களின் பெண்கள் அதிலிருந்து இழைகளைக் கூரிய முனையால் தூக்கி, வெட்டி உருவி, நெசவாளர் எண்ணியிராத புதுக் கோலத்தை அதிலேயே வெளிப்படுத்துகின்றனர். நியாய நெறிப்படி ஓர் இழையை உருவியதுமே பழைய துணி அழிந்து, எஞ்சிய இழைகளில் ‘கண்டபடம்’ என்னும் வேறொரு துணி தோன்றிவிடுகிறது. அவ்வாறாயின் ஒரு பிற்பகலுக்குள் நூற்றுக்கணக்கான துணிகள் பிறந்து மடிய வேண்டும். இராமானுசர் நெறியில் நிற்கும் விசிட்டாத்துவைதிக்கு அத்தனை பிறப்பும் இறப்பும் தேவைப்படாது. அதே நூல்கள் வேறொரு நிலையை அடைந்தன என்பதோடு அவர் நிறுத்திக்கொள்வார். உருவிய இழைகள் துணிக்கு வெளியே கிடப்பதையோ, பிரிந்து நிற்கக்கூடிய நூலுக்கும் அவ்வாறு பிரிய இயலாத உயிருக்கும் தம் ஆசிரியர் காட்டிய வேறுபாட்டுக்கே சான்றாகக் காட்டுவார்.