திறந்த வாயில்

சிறைப்பட்டவன் விடுதலையை வேண்டுகிறான். ஆயினும் அந்த விடுதலை வாயிலில் வந்து நிற்கும்போது அவன் அதை அறிந்துகொள்வானா? இக்கேள்வியைச் சிந்திக்க, இரண்டாம் உலகப் போரின் நிகழ்ச்சியொன்று துணைபுரிகிறது.

பிலிப்பைன்ஸ் நாட்டின் லூசோன் தீவில், கபனத்துவான் என்னுமிடத்தில் ஜப்பானியரின் போர்க்கைதி முகாம் ஒன்று இருந்தது. 1945 ஜனவரியில் அங்கே எஞ்சியிருந்தோர் 500-க்கும் மேற்பட்டவர்கள். பெரும்பாலோர் 1942-இல் பிடிபட்ட அமெரிக்கர்கள். பசியாலும் பிணியாலும் நலிந்தவர்கள். 1944 டிசம்பர் 14 அன்று பலவான் தீவில் சுமார் 150 கைதிகளைக் காவலர்கள் தீயிட்டும் சுட்டும் கொல்ல முற்பட்டனர். 11 பேரே உயிர் தப்பினர். அதே கதி இவர்களுக்கும் நேரலாம் என்ற அச்சம் எழுந்தது.

மீட்புப் பணி ஹென்றி மூசி என்ற படைத்தலைவரிடம் ஒப்படைக்கப்பட்டது. புறப்படுமுன் தம் வீரர்கள் அனைவரையும் பிரார்த்தனைக்குச் செல்லுமாறு அவர் பணித்தார். கைதிகளுக்குத் தீங்கு நேரவிடுவதைவிடப் போரிட்டு மடிவதே மேல் என்று அவர்கள் இறைவன் திருமுன் உறுதி பூண்டனர்.

எதிரியின் எல்லைக்குள் ஏறத்தாழ 30 மைல் நடந்தபின், பெரும் ஜப்பானியப் படையொன்று அவ்வழியே செல்வது தெரிந்தது. ஒருநாள் பொறுக்க வேண்டும் என்றார் பிலிப்பினோ கெரில்லாத் தலைவர் ஹுவான் பஹோட்டா. மண்ணை அறிந்தவரின் சொல்லுக்கு மூசி இணங்கினார். வீரம் விவேகத்திற்குப் பணிந்தது. கிராம மக்களோ நாய்கள் குரைக்காதபடி அவற்றின் வாயைக் கட்டினர். நடக்க இயலாதோருக்காக எருமை வண்டிகளைத் திரட்டினர்.

ஜனவரி 30 மாலை, வீரர்கள் திறந்த வெளியில் தவழ்ந்தே முகாமை நெருங்கினர். காவலர்களின் கவனத்தைத் திருப்ப, விமானம் ஒன்று தாழப் பறந்தது. இருட்டியதும் தாக்குதல் தொடங்கியது. பஹோட்டாவின் படை பாலத்தருகே எதிரியைத் தடுத்து நிறுத்த, அரைமணி நேரத்திற்குள் கைதிகள் வெளியே கொணரப்பட்டனர். எதிர்த்தரப்பில் பலர் மாண்டனர். மீட்க வந்தவர்களுள் மருத்துவர் ஜேம்ஸ் ஃபிஷர் உட்பட ரேஞ்சர் வீரர் இருவர் உயிர் துறந்தனர்.

இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. வாயில் திறந்தபின்னும் கைதிகளுள் சிலர் வெளியே வரவில்லை, பதுங்கிக்கொண்டனர். மூன்றாண்டுகளில் சீருடையும் தொப்பியும் ஆயுதமும் மாறியிருந்தன. வந்தவர்கள் தம்மவரே என்று அவர்களால் நம்ப முடியவில்லை. இது பகைவரின் சூழ்ச்சியோ என ஐயுற்றனர். வீரர்கள் அவர்களைத் தள்ளியும் இழுத்தும் முதுகில் சுமந்தும் வெளியேற்ற வேண்டியிருந்தது.

ஜீவனின் நிலையும் இதுவன்றோ? நெடுங்காலப் பழக்கத்தால் பந்தமே பாதுகாப்பாகத் தோன்றுகிறது. கைதூக்க வரும் அருளோ அச்சமூட்டுகிறது. வெளியே உள்ள முள்வேலியைப் பிறர் அறுக்கலாம். உள்ளே வேரூன்றிய ஐயத்தை விவேகமும் சிரத்தையுமே அறுக்க வல்லவை.

அவ்விரவில் செவிகேளாத கைதி ஒருவர், நடந்தது எதையும் அறியாமல் முகாமிலேயே தங்கிவிட்டார். பின்னர் கெரில்லாக்கள் அவரையும் கண்டு அழைத்துச் சென்றனர். அழைப்பு செவியில் விழாதவனையும் கருணை தேடி வருகிறது. வரும்போது எழுந்து நடக்கும் ஆயத்தமே சாதனை.