கையில் இல்லாததைத் துறப்பது

2022 ஜனவரியில், அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத மருத்துவ ஒதுக்கீட்டுக் கலந்தாய்வுக்கு தர்மபுரி மாவட்டத்திலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் வந்தார். வயது 61. நீட் தேறி, தரவரிசையிலும் பெயர் வந்துவிட்டது. ஆனால் இடத்தை எடுத்துக்கொள்ளாமல் திரும்பிவிட்டார். அது ஓர் இளம்பிள்ளைக்குப் போகட்டும் என்று மருத்துவம் படித்த அவருடைய மகனே கேட்டுக்கொண்டதாகப் பத்திரிகைகளில் வந்தது.

எங்கள் அத்தைக்கு இந்தச் செய்தி மனப்பாடம். நீட்டுக்காக நான் இயற்பியல் புத்தகத்தை விரிக்கும்போதெல்லாம் சொல்வார்: "அவ்ளோ படிச்ச வாத்தியாரே வுட்டுக்குடுத்துட்டாரு. பி.காம் முடிச்சிட்டு உனக்கு இன்னாத்துக்குடி இந்த வேலை?"

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி மில்லின் டைம் ஆபீசில் எனக்கு வேலை. ஷிப்ட் வருகை, ஓ.டி., பி.எஃப்., இ.எஸ்.ஐ., எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். அடிபட்டால் விபத்து அறிக்கை போடுவதும் நான்தான். ஆட்களில் பாதிக்கு மேல் பீகார், ஒடிசா. அவர்களோடு பேசிப் பேசியே எனக்கு இந்தி வந்தது. ஃபர்னஸில் நிற்பவர்களின் முன்கையைக் கிட்டே பார்த்தால் மிளகளவு வெளிர் தழும்புகள் இறைந்து கிடக்கும். உருகிய இரும்பு தெறித்த இடங்கள். அதை யாரும் அறிக்கையில் எழுதுவதில்லை. எழுதினால் தினமும் எழுத வேண்டும்.

ஒரு நாள் ஒடிசாப் பையன் ஒருவன் காட்டன் வேஸ்ட்டைச் சுற்றிய கையோடு வந்து நின்றான். 150 பேருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி வைக்க வேண்டும் என்றது அப்போதைய தொழிற்சாலைச் சட்டம். எங்கள் பெட்டியும் இருந்தது, உள்ளே பஞ்சும் டிஞ்சரும் இருந்தன. வண்டி வருவதற்குள் அவன் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: இந்த விரல் மடங்குமா, மடங்காதா? எனக்குத் தெரிந்தது படிவத்தில் 'காயத்தின் தன்மை' என்ற கட்டம் மட்டும். 'இடது கை ஆள்காட்டி விரல், நசுங்கியது' என்று எழுதினேன். அவனுக்கு வேண்டிய பதில் அந்தக் கட்டத்தில் இல்லை.

இதை மருத்துவத்துக்கான அழைப்பு என்று சொல்லலாமா? எனக்குத் தயக்கம் உண்டு. ரத்தத்தைப் பார்த்து மனம் இளகுவது எல்லோருக்கும் நடக்கும். எங்கள் செக்யூரிட்டி அண்ணனுக்கும் இளகியது. அவர் டாக்டராகக் கிளம்பவில்லை.

அத்தை கீதையைக் கையில் எடுப்பார். பிறர் தர்மத்தை நன்றாகச் செய்வதைவிடத் தன் தர்மத்தைக் குறையோடு செய்வது மேல் என்று கண்ணன் சொல்லியிருக்கிறானே என்பார். சரி அத்தை, எது என் தர்மம்? பத்தாவது முடித்தபோது எங்கள் பள்ளியில் உயிரியல் ஆசிரியர் இடம் காலியாக இருந்தது. அதனால் எங்களில் பலரைக் காமர்ஸ் குரூப்பில் உட்கார வைத்தார்கள். பதினைந்து வயதில், ஒரு காலிப் பணியிடத்தால் அமைந்ததை என் சுதர்மம் என்று கண்ணன் தலையில் கட்டலாமா? தலையெழுத்து என்று அத்தை நம்பிய ஒன்றை ஓர் அறிவிப்பே திருத்தியும் விட்டது. முன்பெல்லாம் பதினொன்று, பன்னிரண்டு இரண்டு வருடமும் பள்ளியில் தொடர்ந்து இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்களுக்குத்தான் வழி. பன்னிரண்டாவது முடித்த பிறகு அந்தப் பாடங்களைக் கூடுதலாக எழுதித் தேறினாலும் நீட்டுக்கு வரலாம் என்று 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. அந்த வழியாகத்தான் ஓப்பன் ஸ்கூலில் சேர்ந்தேன்.

அத்தைக்குப் பிடித்த ஆழ்வாரையே எடுத்துக்கொள்வோம். நம் மாவட்டத்துத் திருமழிசையில் பிறந்தவர், பிரம்பு வேலை செய்தவர் வீட்டில் வளர்ந்தவர். சமணம், பௌத்தம், சைவம் என்று ஒவ்வொன்றாகப் புகுந்து பார்த்துவிட்டுத்தான் பெருமாளிடம் வந்தார் என்கிறது குருபரம்பரை. பேயாழ்வார் செடியைத் தலைகீழாக நட்டு, ஓட்டைக் குடத்தால் தண்ணீர் ஊற்றிக் காட்டி அவரை வாதத்துக்கு இழுத்தாராம். நாலு குரூப் மாறிய அவரை யாரும் 'ஒன்றில் நிலைக்காதவர்' என்று சொல்வதில்லை. கடைசியில் வந்து சேர்ந்த இடம் அப்படி.

ஆனால் அத்தையின் முதல் கேள்விக்கு இது பதில் ஆகாது. இடம் என்பது எண்ணி வைத்த பொருள். 2022 ஜனவரியில் திறந்த திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரியில் வருடத்துக்கு 100 பேர். நான் ஒன்றை எடுத்தால் ஒருத்திக்கு ஒன்று குறையும். பெரும்பாலும் அவள் என்னைவிடச் சின்னவளாக இருப்பாள். அவளைவிடச் சில வருடம் குறைவாகத்தான் நான் வைத்தியம் பார்ப்பேன். கணக்குப் படித்தவளுக்கு இந்தக் கழித்தல் புரியாமல் இல்லை. (படித்து முடித்ததும் கடல் தாண்டுகிறவர்களின் வருடங்களை இதே கறாரோடு யாரும் கழித்து நான் பார்த்ததில்லை.)

அமாவாசைக்கு அத்தையோடு திருவள்ளூர் வைத்திய வீரராகவர் கோயிலுக்குப் போவேன். ஹிருத்தாபநாசினிக் குளத்தில் வெல்லத்தைக் கரைத்துவிட்டு, நோய் கரையட்டும் என்று வேண்டுகிற கூட்டம் படி நிறைய நிற்கும். தல புராணத்தில் சாலிஹோத்திர முனிவர் வருடம் முழுக்க விரதம் இருந்து, மாவைத் தயாரித்து, விருந்தாளிக்காகக் காத்திருக்கிறார். முதியவர் ஒருவர் வந்து சாப்பிட்டுவிட்டு, பசி தீரவில்லை என்கிறார். முனிவர் தன் பங்கையும் கொடுக்கிறார். படுக்க இடம் கேட்டபோது தன் குடிலையே காட்டுகிறார். முதியவராக வந்த பெருமாள் சன்னதியில் இன்றும் அங்கேயே படுத்து, வலது கையை முனிவர் தலைமேல் வைத்திருக்கிறார். பார்த்தாயா, கொடுத்தவருக்குத்தான் அருள் என்பார் அத்தை.

நான் அங்கே நின்று வேறொன்றைப் பார்த்தேன். முனிவரிடம் மாவு இருந்தது, குடில் இருந்தது. தர்மபுரி ஆசிரியரிடம் தரவரிசை இருந்தது. ஆல்பர்ட் ஷ்வைட்சரை எடுத்துக்கொண்டாலும் அப்படித்தான். இறையியல் போதகர், ஆர்கன் கலைஞர் என்று பெயர் வாங்கியிருந்தவர். 1905-ல், முப்பது வயதில், ஸ்ட்ராஸ்பர்க்கில் மருத்துவ மாணவராக உட்கார்ந்தார். 1913-ல் ஆப்பிரிக்காவின் லாம்பரேனேவுக்குப் புறப்பட்டார். வேலை, பிரசங்க மேடை எல்லாவற்றையும் விட்டுத்தான் போனார். மூவரும் தங்களிடம் இருந்ததைக் கொடுத்தார்கள். என்னைக் கேட்பதோ இல்லாததைக் கொடுக்கச் சொல்லி. இன்னும் எழுதாத தேர்வில், இன்னும் வராத தரவரிசையில், இன்னும் கிடைக்காத இடத்தை முன்கூட்டியே விட்டுக்கொடு என்றால் அதில் தியாகம் எங்கே இருக்கிறது? தோற்றுவிடுவேனோ என்ற பயம்தான் இருக்கிறது. அதற்குத் துறவு என்று பேர் வைத்துக்கொண்டால் சௌகரியம்; வீட்டிலும் நல்ல பேர் கிடைக்கும்.

ஆகவே படிக்கிறேன். மின்காந்தத் தூண்டல் பாடம் வந்தபோதுதான், தினமும் நான் கடந்து போகிற ஃபர்னஸ் எதனால் சூடாகிறது என்று விளங்கியது. சுருளில் ஓடும் மின்சாரம் தொடாமலே ஸ்க்ராப்புக்குள் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்பிவிடுகிறது. மெல்டிங் சூப்பர்வைசரிடம் சொன்னேன். "மேடம், டைம் ஆபீஸ்ல இதெல்லாம் எதுக்கு?" என்று அத்தை குரலிலேயே கேட்டார்.

கலந்தாய்வு வரை போய்விட்டால், பக்கத்து நாற்காலியில் ஒரு பதினெட்டு வயதுப் பெண் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வாய் என்று அத்தை கேட்டார். எடுத்துக்கொள்வேன் என்றேன். அவளும் கும்மிடிப்பூண்டிக்கே டாக்டராக வரட்டும், எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவள் வருவாள் என்று நம்பி அந்தப் பையனின் விரலை விட்டுவிட முடியாது. அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த அமாவாசைக்கும் இதே பேச்சு இருக்கிறது. அதற்குள் எனக்கு வேதியியல் செய்முறைத் தேர்வு.