நிறம் பூசிய சாட்சி

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. இந்தியத் தொலைக்காட்சிக்கு வண்ணம் வந்தது 1982இல். இடைப்பட்ட ஏழாண்டுகளில் அந்த ஸ்டூடியோவில் பதிவான கச்சேரிகள் கறுப்பு-வெள்ளையில் இருக்கின்றன. அதற்கு முந்தைய செய்திப் படங்களும் ஆவணப் படங்களும் பெரும்பாலும் அப்படித்தான். இப்போது வீட்டுக் கணினியிலேயே ஓடும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒரே இரவில் அவற்றுக்கு வண்ணமேற்றிவிடுகிறது. பட்டுப்புடவை பளபளக்கிறது, தம்புராக் குடத்தில் மரத்தின் செம்மை ஏறுகிறது, வித்வானின் கடுக்கன் மின்னுகிறது. மார்கழி மாதத்தில் மயிலாப்பூர் சபா கேன்டீனில் டிபன் வரும்வரை கைபேசியில் இவற்றைப் பார்த்து நெகிழ்கிற ரசிகர்கள் உண்டு. மறைந்த கலைஞரின் பதிவில் இப்படிக் கைவைப்பது முறையா?

முறைதான் என்பவர்களின் வாதம் எளிதில் தள்ளக்கூடியதல்ல. அந்தக் கலைஞர்கள் வாழ்ந்த உலகில் நிறம் இருந்தது. சாம்பல் நிறம் கருவியின் குறையே தவிர அவர்களுடையதல்ல. பழைய படம் என்றாலே விரலால் தள்ளிவிட்டுப் போகும் இருபது வயதுக்காரரை வண்ணம் இரண்டு நிமிடமாவது நிறுத்தி வைக்கிறது. அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு ராக ஆலாபனை அவர் காதில் விழுந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? உலகம் முழுக்க இதுதான் நடக்கிறது. பீட்டில்ஸ் குழு 1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் நிகழ்ச்சியில் தோன்றியது கறுப்பு-வெள்ளையில். அதற்கும் ரசிகர்கள் வண்ணம் பூசியாயிற்று. நம் நாட்டில் 1960இல் வந்த ‘மொகலே ஆஸம்’ 2004இலும், 1957இல் வந்த தெலுங்கு ‘மாயாபஜார்’ 2010இலும் வண்ணத்தில் திரையேறின. கூட்டமும் வந்தது.

கூடாது என்பவர்கள் வழக்கமாக ஜான் ஹூஸ்டனை இழுப்பார்கள். தம் படங்களுக்கு வண்ணமேற்றப்படுவதைக் கடுமையாக எதிர்த்த இயக்குநர் அவர். அவர் இறந்தபின் அவருடைய வாரிசுகள் ‘தி அஸ்பால்ட் ஜங்கிள்’ படத்துக்காகப் பிரான்சில் வழக்காடி, 1991இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள். ஆனால் அந்த வாதம் கச்சேரிப் பதிவுக்குப் பொருந்தாது. ஹூஸ்டன் கறுப்பையும் வெள்ளையையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஒளியமைத்தவர். தொலைக்காட்சி நிலையத்தில் பாடிய எந்த வித்வானும் சாம்பல் நிறத்தைத் தம் கலையின் பகுதியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் கலை ஒலியில் இருந்தது. எனவே கலைஞரின் அழகியல் முடிவை மீறியதாக இங்கே குற்றம் சாட்ட முடியாது. குற்றம் உண்டென்றால் அதை வேறிடத்தில்தான் தேட வேண்டும்.

கச்சேரிப் பதிவு ஒரு கலைப்பொருள் மட்டுமல்ல, சாட்சியமும்கூட. இன்னார் இப்படி உட்கார்ந்தார், இப்படி உடுத்தினார், இந்தச் சங்கதிக்குக் கை இப்படிப் போயிற்று என்று சொல்வது அது. கறுப்பு-வெள்ளைக் கேமரா வெளிச்சத்தின் அளவை மட்டுமே குறித்துக்கொண்டது. அரக்குச் சிவப்பும் இலைப்பச்சையும் அதில் ஏறக்குறைய ஒரே சாம்பலாக விழலாம். நெற்றி நாமத்தின் நடுக்கோடு சிவப்பா மஞ்சளா என்பதை அந்தச் சாம்பலை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அந்தக் கோட்டின் நிறம் முக்கியமாக இருந்த குடும்பங்கள் மயிலாப்பூரில் இன்றும் இருக்கின்றன. தொலைந்துபோன நிறத்தை மென்பொருள் மீட்பதில்லை. தான் பழகிய லட்சக்கணக்கான படங்களிலிருந்து, இங்கே இது இருந்திருக்கலாம் என்று ஊகிக்கிறது.

ஊகத்திலும் வகை உண்டு. எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரைச் சொன்னதும் தமிழர் மனத்தில் ஒரு நீலம் எழும். காஞ்சிபுரத்து முத்து செட்டியார் அவருக்காக உருவாக்கியதாகச் சொல்லப்படும் அந்தச் சாயம் ‘எம்.எஸ். நீலம்’ என்றே கடைகளில் பெயர் பெற்றது. தி.நகர் பட்டுக்கடையில் அந்தப் பெயரைச் சொன்னாலே போதும், புடவையை எடுத்து விரிப்பார்கள். அவருடைய பழைய பதிவு ஒன்றுக்கு வண்ணமேற்றும் ரசிகரின் கை எந்த நிறத்துக்குப் போகும்? அன்று அவர் உடுத்தியது மாம்பழ மஞ்சளாக இருந்திருக்கலாம். ஆனால் நீலம் பூசினால் எவரும் கேள்வி கேட்கமாட்டார்கள், சரியாக இருக்கிறது என்றே தோன்றும். பக்தியில் பிறக்கும் பிழை கண்ணில் படாது. ஒரு பெண் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக மேடையில் உடுத்திய அத்தனை புடவைகளும் ஒரே அடையாளத்துக்குள் சுருண்டுவிடும்.

தோலின் நிறம் இதைவிடக் கூர்மையான விஷயம். மென்பொருள் எந்த முகங்களைப் பார்த்துப் பழகியதோ அந்த முகங்களின் நிறத்தைத்தான் பூசும். மணமகள் தேவை விளம்பரங்களில் இன்னும் ‘சிவந்த நிறம்’ கேட்கிற ஊரில், நல்ல கறுப்பான நாதஸ்வர வித்வான் ஒருவர் கோதுமை நிறத்தில் வெளிவந்தால் பார்ப்பவர் அதைப் பிழையாக எண்ணமாட்டார், அழகாக வந்திருக்கிறது என்பார். செத்தவரின் தோலை வெளுப்பது மரியாதைக் குறைவு என்பதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை.

மூன்றாவது தீங்கு வண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு வருவது. அசைவு வழுக்கிக்கொண்டு போகவேண்டும் என்பதற்காக, நொடிக்கு 24 அல்லது 25 ஃபிரேம் உள்ள படத்தை 60 ஆக்குகிறார்கள். நடுவில் சேரும் ஃபிரேம்கள் மென்பொருளின் கற்பனை. மேல்காலத்தில் மிருதங்கத்தின் வலந்தலையில் விரல்கள் மங்கலாகத் தெரியும் இடத்தில், எந்த விரல் எப்போது விழுந்தது என்பதை அது இட்டு நிரப்புகிறது. வீணையில் இடக்கை தந்தியை இழுக்கும் கமகத்துக்கும் இதே கதி. இரைச்சலை நீக்கப் போய், இடைவிடாது ஒலிக்கும் தம்புராவின் ரீங்காரத்தையே இரைச்சல் என்று கணக்கிட்டு மழுக்குவதும் நடக்கக்கூடியது. இந்தப் பதிவுகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் பாடம் பண்ணும் மாணவருக்கு, குருவின் விரலென்று வேறெதையோ காட்டுகிறோம். புடவை நிறம் தவறினால் மனம் வருந்தும், விரல் தவறினால் வித்தையே தவறிப்போகும்.

நிறம் பூசுவது நமக்குப் புதிதா என்று கேட்கலாம். பழைய ஸ்டூடியோக்களில் தாத்தாவின் கறுப்பு-வெள்ளைப் படத்துக்கு ஓவியர் கையால் கன்னத்தில் ரோஜா நிறமும் அங்கவஸ்திரத்தில் ஜரிகையும் ஏற்றித் தந்தார். அதில் யாரும் ஏமாறவில்லை, தூரிகையின் தடம் படத்திலேயே இருந்தது. இன்றைய வண்ணத்தின் பெருமையே தடம் தெரியாமல் இருப்பதுதான். ஏமாற்றும் எண்ணம் இல்லாதவர் செய்தாலும் பார்ப்பவர் ஏமாறவே செய்கிறார்.

கலைஞரின் சம்மதம் என்றொரு கேள்வியும் இருக்கிறது. ஒலிபெருக்கி மிருதங்கத்தின் நாதத்தைக் கெடுக்கிறது என்று, மைக் இல்லாத கச்சேரிதான் வேண்டும் எனப் பாலக்காடு மணி ஐயர் ஒரு காலத்தில் பிடிவாதமாக நின்றார். கருவி தம் கலையை என்ன செய்கிறது என்றும், தமக்குப் பின் தம் பெயர் என்ன ஆகும் என்றும் யோசித்தவர்கள் அந்தத் தலைமுறைக் கலைஞர்கள். எம்.எஸ். பெயரிலான விருது குறித்து 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தபோது, தம் பெயரில் அறக்கட்டளையோ நினைவிடமோ சிலையோ வேண்டாம் என்று அவர் 1997இல் எழுதிய உயில் பேசுபொருளானது. வண்ணத்தைப் பற்றி அவர்கள் எதுவும் எழுதி வைக்கவில்லை, எழுதியிருக்கவும் முடியாது. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், தம் நிகழ்ச்சி சிதைக்கப்பட்டுப் பெயருக்குக் களங்கம் வந்தால் தடுக்கும் உரிமையை நிகழ்த்துகலைஞருக்குத் தருகிறது. புடவை நிறம் மாறியதால் பெயர் கெட்டது என்று எந்த நீதிமன்றத்தில் போய் நிரூபிப்பது? சட்டம் எட்டாத இடத்தில் பொறுப்பு வண்ணமேற்றுகிறவர் தலையில்தான் விழுகிறது.

அந்தப் பொறுப்பு சென்னையில் அவ்வளவு கடினமானதும் அல்ல. மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் அடையாறிலும், அந்தக் கச்சேரிகளில் பின்னால் உட்கார்ந்து தம்புரா மீட்டிய சிஷ்யைகளும், முதல் வரிசையில் கேட்ட ரசிகர்களும் இன்னும் இருக்கிறார்கள். அன்றைக்கு மாமி என்ன புடவை, அண்ணா என்ன நிறம் என்று அவர்களிடம் கேட்கலாம். கலாக்ஷேத்ராவின் பழைய பதிவு என்றால் கேட்டே ஆகவேண்டும். அதை நிறுவிய ருக்மிணி தேவி நெசவுக்கென்றே ஒரு பிரிவை அங்கே நடத்தியவர், ஆடையின் நிறமும் அவருடைய படைப்பு. அங்கே தப்பான நிறம் பூசுவது, பாட்டில் சாகித்யத்தை மாற்றுவதற்குச் சமம்.

கேட்டுத் தெரிந்த நிறம் எது, ஊகித்த நிறம் எது என்று படத்தின் மேலேயே எழுதவேண்டும். கீழே விவரக்குறிப்பில் எழுதினால் வாட்ஸப்பில் வெட்டி அனுப்பும்போது அது உதிர்ந்துவிடும். மூலப் பதிவை அழிக்காமல் பக்கத்திலேயே வைக்கவேண்டும். விரல்கள் தெரியும் காட்சியில் ஃபிரேம் எண்ணிக்கையைத் தொடக்கூடாது. இவ்வளவும் செய்தவர் தாராளமாக வண்ணமேற்றட்டும், புதிய ரசிகர்களைக் கூட்டி வந்த புண்ணியமும் அவருக்கே சேரட்டும். கேட்பதற்கு ஆள் உயிரோடிருக்கும்போதே கேட்காமல் ஊகித்து, அதை அன்றைய உண்மை என்று ஊருக்கு அனுப்புகிறவர் அந்தப் புண்ணியத்தில் பங்கு கேட்க முடியாது.